மூன்று கரண்டி உறைமோர்

சென்ற செவ்வாய்க்கிழமை பிற்பகல், டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் என் மகளின் சமையலறையில், வாழ்நாளில் முதன்முறையாகத் தயிரைக் கண்டு நடுங்கினேன்.

குளிர் காரணமன்று. வீடு வெதுவெதுப்பாகவே இருந்தது.

இப்பத்தியைத் தொடர்ந்து படிப்போருக்கு என் மகள் கார்த்திகாவைத் தெரியும். அவள் மகன் அகரன் பிறந்தபோது, அவனுக்குப் பெயர் தேடிய கதையை இங்கே எழுதியிருந்தேன். அப்போது வாழ்த்து அனுப்பியவர்கள் பலர். அதன்பின் அவனைப் பற்றி நான் ஏன் எழுதவில்லை என்று கேட்டவர்கள் சிலர். இன்று எழுதுகிறேன்.

அகரனுக்குப் பத்து மாதம். பசுப்பாலும் முட்டையும் அவன் உடலுக்கு ஆகா. ஆகா என்றால் – வயிறு சற்றுப் பொருமும் என்ற அளவில் அன்று. ஆறாம் மாதத்தில், நம்மவர் வீட்டுப் பிறந்தநாள் ஒன்றில், அன்பு மிகுந்த அம்மையார் ஒருவர் விரல் நுனியில் பாயசத்தைத் தொட்டு அவன் நாவில் வைத்தார். "கொஞ்சம்தானே பிள்ளை" என்றாராம். கால் மணி நேரத்தில் முகம் வீங்கிக் கண்கள் இரண்டும் புதைந்துவிட்டன. அம்புலன்ஸ் வந்துதான் அவனை அள்ளிச் சென்றது.

அப்போது மருமகன் நடுக்கடலில் இருந்தார். காற்றாலைகளைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். இரு வாரம் கடல், இரு வாரம் வீடு. நான் என் ஊரான ஹொல்ஸ்டெப்ரோவில், தொலைபேசியை அடுத்த அறையில் விட்டுவிட்டுப் பகலுறக்கத்தில் இருந்தேன்.

மகள் தனியாகவே போனாள். தனியாகவே திரும்பினாள்.

தாய் உண்பது பாலின் வழியே பிள்ளைக்கும் செல்லக்கூடும் என்று மருத்துவர் சொன்ன நாள்முதல் அவளும் அவ்வுணவுகளைத் தொடுவதில்லை. அவள் வீட்டுக்குள் பால் இல்லை, வெண்ணெய் இல்லை, தயிர் இல்லை. டென்மார்க்கில் இப்படி ஒரு வீடு! இந்நாட்டில் தண்ணீருக்கு அடுத்தபடி ஓடுவது பால்தானே?

மகப்பேற்று விடுப்பு முடிந்து அவள் அலுவலகம் திரும்பியபோது, குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் அகரனுக்கு இன்னும் இடம் ஆயத்தமாகவில்லை. அவன் உணவுக்குத் தனி ஒழுங்கு செய்யவேண்டுமாம். மருமகன் கடலில் இருக்கும் இரு வாரமும் அவனைப் பார்த்துக்கொள்ள நான் போனேன்.

போன அன்றுதான் அந்தக் கண்ணாடிப் புட்டியைக் கண்டேன்.

மகள் தன் பாலைக் கருவியால் எடுத்துச் சேர்க்கிறாள். அதை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்குகிறாள். பால்புரதம் கலவாதது என்று நான்கு தடவை உறுதிசெய்த ஒரு புரோபயாட்டிக் பொடியைத் தூவிக் கலக்குகிறாள். புட்டியில் அடைத்து, சூடு ஆறாத பெட்டியொன்றில் எட்டு மணி நேரம் வைக்கிறாள். பாலூட்டும் தாய்மாரின் இணையக் குழு ஒன்றில் கண்ட முறையாம். புரோபயாட்டிக்கை நான் 'நன்னுயிரிகள்' என்பேன். அவள் 'பொடி' என்றாள். அவள் சொல் சிறியது, வென்றுவிட்டது.

"இதால ஒவ்வாமை மாறுமோ பிள்ளை?"

"மாறும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை அப்பா. டயற்றீஷனிட்டைக் கேட்டனான். சுத்தமாச் செய்யுங்கோ, ஆனா பெரிசா ஒண்டும் எதிர்பார்க்க வேண்டாம் எண்டு சொன்னவ."

"பிறகேன் இவ்வளவு பாடு?"

புட்டியின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாலு மாசமா இவனுக்கு நான் 'இது வேண்டாம், அது வேண்டாம்' எண்டு மட்டும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறன். குடுக்கிறதுக்கும் ஒண்டு வேணுமெல்லோ? மற்றப் பிள்ளையள் யோகட் சாப்பிடுகினம். இவனுக்கும் ஒரு கரண்டி… என்ரை கையால."

ஆனால் அந்தப் பால் தோயவில்லை. இரு வாரத்தில் ஐந்து தடவை வைத்தாள். ஐந்து தடவையும் புளித்தது, இறுகவில்லை. தண்ணீராகவே நின்றது. தாய்ப்பால் பசுப்பாலைப் போல் கட்டியாகத் தோயாதாம். இறுகுவதற்குரிய பொருள் அதில் குறைவாம். இதை அன்று நான் அறியேன். மகள் அறிந்திருந்தாள், ஆயினும் ஒவ்வொரு தடவையும் மாலையில் புட்டியைச் சரித்துப் பார்த்தாள். பின்பு அதைக் கூழில் கலந்து ஊட்டிவிட்டுக் கருவியைக் கழுவுவாள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. ஏனெனில் சமையலறையில் நான் அறிந்த வேலை ஒன்றே ஒன்று. தயிர் தோய்ப்பது!

அந்தச் செவ்வாய்வரை எவரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். என் மனைவி மறைந்து நான்கு ஆண்டுகள். எல்லாம் முடிந்து வீடு வெறுமையான பின்னர், குளிர்பெட்டியைத் திறந்தேன். அவள் தோய்த்த தயிர் அரைப் பேணி இருந்தது. உண்ண மனம் வரவில்லை, கொட்டவும் வரவில்லை. அதில் ஒரு கரண்டியை எடுத்துப் புதுப் பாலில் உறைமோராக விட்டேன். மறுநாள் தோய்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு கரண்டி… அதிலிருந்து மறுபடியும்… அந்த வரிசை இன்றுவரை அறவில்லை. எழுபத்து நான்கு வயதில் ஒருவன் தயிரோடு உறவு கொண்டாடுகிறான் என்றால் சிரிக்கமாட்டீர்களா?

ஆகவே ஓகூஸுக்குப் புறப்பட்டபோது, ஒரு சிறு எவர்சில்வர்ப் பேணியில் அதையும் எடுத்துக்கொண்டேன். மகளிடம் சொல்லவில்லை. பால் நுழையாத வீட்டுக்குள் அதைக் கொண்டுசெல்லக் கூடாது என்ற அறிவு எனக்கு இருந்தது. பல்கனி வீட்டுக்கு வெளியேதானே என்ற சூழ்ச்சியும் இருந்தது. மாசிக் குளிரில் அது அங்கே பத்திரமாக உறங்கும். பழைய பூச்சட்டி ஒன்றைக் கவிழ்த்து மூடிவைத்தேன். நான் அதில் ஒரு துளியும் உண்ணவில்லை. பதின்மூன்று நாள் தயிரில்லாச் சோறு. அதுவும் ஒரு நோன்புதான்!

செவ்வாய்க்கிழமை எனக்கு அங்கே கடைசி நாள். மறுநாள் மருமகன் கரை திரும்புவார். காலையில் மகள் ஆறாவது புட்டியை வைத்துவிட்டுச் சைக்கிளில் போனாள். இரண்டு நாள் சேர்த்த பால். வேலைக்குப் போகத் தொடங்கியபின் பால் குறைந்துவிட்டது என்று முந்தைய நாள்தான் சொல்லியிருந்தாள்.

நண்பகலில் அகரன் உறங்கினான். அவ்வீட்டில் அந்நேரம் கேட்பதற்கு ஒன்றும் இராது. சாளரத்துக்கு அப்பால் தொலைவில் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள். கீழே தண்டவாளத்தில் நகர ரயில் அரவமின்றிப் போகும். நான் பெட்டியைத் திறந்து புட்டியைச் சரித்துப் பார்த்தேன்.

தண்ணீர்.

உறை சரியில்லை என்று தீர்மானித்தேன். பொடியாவது, தயிராவதாவது! பல்கனிக்குப் போனேன். ஒரு கரண்டி எடுத்துவந்து கலக்கினேன். இரண்டு மணிக்குப் பார்த்தேன். சற்றே தடித்த தோற்றம். இன்னும் இரண்டு கரண்டி விட்டேன்.

பால் ஆகாத பிள்ளைக்குப் பாலையா கலந்தாய் என்று கேட்பீர்கள். கேளுங்கள். நானும் ஒரு வாரமாக என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். என்னால் சொல்லக்கூடியது இதுதான்: நம் வீடுகளில் உறைமோரை எவரும் உணவாக எண்ணுவதில்லை. தயிரில் என்ன இருக்கிறது? பால் என்போம். 'பாலும் உறைமோரும்' என்று எவர் சொல்லியிருக்கிறார்? உறைமோர் நமக்கு அடுப்பு மூட்டும் தீக்குச்சி போன்றது. சோற்றில் தீக்குச்சியும் சேர்ந்திருக்கிறது என்று யார் நினைப்பார்?

நான்கு மணிக்கு மகள் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கைகழுவிப் பெட்டியைத் திறந்தாள்.

"அப்பா! இஞ்சை ஓடி வாங்கோ! தோஞ்சிருக்கு! உண்மையாத் தோஞ்சிருக்கு!"

அந்த இரு வாரத்தில் அவள் சிரித்து நான் கண்டது அப்போதுதான். புட்டியைச் சரித்துப் படம் எடுத்துக் கடலுக்கு அனுப்பினாள். அகரனை உயர்ந்த நாற்காலியில் இருத்திக் கழுத்தில் துணி கட்டினாள். அவன் கரண்டியைக் கண்டு மேசையில் அடித்தான். நான் அருகே நின்று, சொல்லவேண்டிய பெருமைச் சொல்லைத் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

அவள் கரண்டியை நிரப்பி, ஊட்டுமுன் முகர்ந்து பார்த்தாள்.

"அப்பா… பகிடியைப் பாருங்கோ. அம்மாவின்ரை தயிர் மாதிரியே மணக்குது."

அப்போதுதான் நடுங்கினேன்.

உண்மையைச் சொல்வதானால், வாய் திறக்குமுன் ஒரு மூச்சு நேரம் வேறொன்றை நினைத்தேன். கை தவறியதுபோல் புட்டியைத் தட்டிவிடலாம். கிழவன் கை நடுங்கிற்று என்பாள், மன்னிப்பாள். ஆனால் அவள் பால் ஒருமுறை தோய்ந்தது என்றல்லவா வாழ்நாள் முழுதும் நம்புவாள்? ஒவ்வொரு மாலையும் அதற்காகக் காத்திருப்பாளே…

"வை பிள்ளை. குடுக்காதை."

"ஏன்?"

"அது கொம்மாவின்ரை தயிர்தான்."

அவளுக்கு விளங்கவில்லை. என் குரல் சரியில்லை என்பது மட்டும் விளங்கியது. கரண்டி பிள்ளையின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்றது. சொன்னேன். பேணி, பல்கனி, பூச்சட்டி, மூன்று கரண்டி – எல்லாம் சொன்னேன்.

அவள் கரண்டியை வைத்தாள். பிள்ளையைத் தூக்கிப்போய் அவன் கைகளைக் கழுவினாள், வாயைக் கழுவினாள். ஒன்றுமே படாத வாயை. வெளிச்சத்தில் பிடித்து அவன் உதடுகளைப் பார்த்தாள். அதன்பின் என்னைத் திட்டினாள். டேனிஷ் மொழியில் திட்டினாள். அம்மொழியில் தந்தைக்கும் 'நீ'தான். ஒவ்வொரு 'நீ'யும் எனக்குரியதே என்று நின்றேன்.

பிறகு தமிழுக்குத் திரும்பினாள். அது அதைவிடக் கடினமாக இருந்தது.

"ஒவ்வொரு கொண்டாட்டத்திலையும் நான் எங்கை சாப்பிடுறனான் தெரியுமோ அப்பா? கார் பார்க்கிலை. இவனைக் காருக்குள்ளை வைச்சுக்கொண்டு, என்ரை சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து. உள்ளுக்கை போனா ஆராவது 'கொஞ்சம்தானே' எண்டுவினம். நீங்களும் ஒருநாள் ஃபோனிலை சொன்னீங்கள், 'நாங்கள் எல்லாம் பசுப்பால் குடிச்சுத்தானே வளந்தனாங்கள்' எண்டு. அதுக்குப் பிறகு உங்களிட்டையும் ஒண்டும் சொல்லுறேல்லை."

ஆம், சொல்லியிருந்தேன். அந்தக் கூட்டங்களுக்கு நானும் போவதில்லை; மனைவியின்றிப் போனால் எங்கே அமர்வது என்று தெரியாததால். வெவ்வேறு ஊர்களில் நாங்கள் இருவரும் விருந்துகளுக்கு வெளியே இருந்திருக்கிறோம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல்.

புட்டியைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். இரண்டு நாள் பால் மெல்ல வழிந்து போயிற்று. தடிப்பாக இருந்ததால் மெல்லத்தான் போயிற்று.

"எங்கை அந்தப் பேணி?"

எடுத்துவந்து கொடுத்தேன். அதுவும் தொட்டிக்குத்தான் என்று எண்ணினேன். அவள் மூடியைத் திறந்தாள். குனிந்து முகர்ந்தாள். நெடுநேரம் நிமிரவில்லை.

"நாலு வருஷமா விடாமச் செய்யிறியளோ?"

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சிரிப்பாய் எண்டு நினைச்சன்."

அவள் சிரிக்கவில்லை. மூடியை இறுக மூடி, அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி, மறுபடியும் ஒரு பையைக் கட்டினாள். பின்னர் தன் கைகளை முழங்கைவரை கழுவினாள்.

"இது இந்த வீட்டிலை இருக்கேலாது. நாளைக்குக் கொண்டு போங்கோ."

"ஓம் பிள்ளை."

"ஆனா விட்டிடாதேங்கோ. கன பிள்ளையளுக்கு வளர வளர மாறும் எண்டு டொக்டர் சொன்னவர். மாறினா, இவன் சாப்பிடுற முதல் தயிர் இதாத்தான் இருக்க வேணும்."

"மாறாட்டி?"

"மாறாட்டி… நீங்கள் சாப்பிடுங்கோ."

மறுநாள் இரண்டு பைகளுக்குள் கட்டிய பேணியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் ஹொல்ஸ்டெப்ரோ திரும்பினேன். எதிரே இருந்த டேனிஷ் மூதாட்டி அதைப் பலமுறை பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. இந்நாட்டில் கேட்கமாட்டார்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று, நிலையத்தில் இறங்கிய பின்னரே தோன்றியது.

பிறர் பிள்ளைக்குக் 'கொஞ்சம்தானே' என்று ஊட்டும் கைகள் அன்பற்றவை அல்ல. அதுதான் தொல்லை. அன்பு முந்திக்கொள்கிறது, 'இதைக் கொடுக்கலாமா?' என்ற கேள்வி பிந்திவிடுகிறது. தமிழ் கற்பித்தே காலம் கழித்தவன் நான். அந்த இரண்டு சொற்களைச் சொல்ல எனக்கு எத்தனை ஆண்டுகள் சென்றன!

வீட்டில் மறுபடியும் ஒருவருக்கான பால் காய்ச்சுகிறேன். ஒருவருக்கான தயிர் தோய்கிறது. பால் தோய்க்க வைக்கும் நாள்களில் மாலையில் மகள் தன் புட்டியைச் சரித்து எனக்குப் படம் அனுப்புகிறாள். முன்பு அனுப்பியதில்லை. நேற்றும் வந்தது, உற்று நோக்கினேன். தண்ணீர்.

தோயாத தயிரைக் கண்டு நிம்மதியடைந்த முதல் தமிழன் நானாகத்தான் இருப்பேன்.