ஈசானிய மூலை மண்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம். நாச்சியாரைச் சேவிக்கவும், ராஜபாளையத்தை அடுத்து வாழும் என் தங்கையைக் காணவும் புறப்பட்டேன். விடியற்காலைச் சேவை முடித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆறரை மணிப் பேருந்தைப் பிடித்தால், ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர். அரை மணி நேரம் மேற்கு மலை உடன் வரும்.

தங்கை வீட்டுத் தொழுவத்தில் இரண்டு பசுக்கள் நின்றன. ஆணியில் இரண்டு புதுக் கயிறுகள் தொங்கின. மாட்டை விற்போர் பழங்கயிற்றை வீட்டில் நிறுத்திக்கொண்டு புதுக் கயிற்றில் பிடித்துக் கொடுப்பது வழக்கம். ஆதலால் கண்டதுமே மனம் கனத்தது. தீவனத்துக்கென விதைத்த வேலிமசால் முழங்கால் உயரமும் எழாமல் வெளிறிக் கிடந்தது. மண் பரிசோதனை முடிவிலோ, மணிச்சத்தாகிய பாஸ்பரஸ் மிகுதி, சூப்பர் பாஸ்பேட் வேண்டாம் என்றிருந்தது.

“எம்புட்டு நாளைக்கு மச்சான் வைக்கோல விலைக்கு வாங்குறது? வார சந்தையில பிடிச்சுக் குடுத்துருதேன்,” என்றார் தங்கையின் கணவர். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விற்குமுன் ஒரு முறை கேட்டுவிடலாம் என்று மூவரும் வேளாண் அலுவலகம் சென்றோம். அங்கிருந்த அதிகாரி அம்மையார், நாங்கள் வேரோடு பிடுங்கிச் சென்ற மசால் செடியொன்றைப் பார்த்தார். வேரில் இருக்க வேண்டிய முடிச்சுகளே இல்லை.

“மணிச்சத்து இருந்தா வேர் இப்படி இருக்காதே. மண்ணு எந்த இடத்துல எடுத்தீங்க?”

“ஈசானிய மூலையிலதான். மொத மண்வெட்டிய வேற எங்க போடுவாக?” என்றார் தங்கையின் கணவர்.

“அங்கதான வருசம் பூரா எருவக் கொட்டுதோம்!” என்றாள் தங்கை. “உலகளந்த பெருமாள் ஒரு மூலையில மட்டுமா அடி வச்சாரு?”

“ஏட்டி, அத அன்னைக்கே சொன்னா என்ன?”

“கேட்டீகளாக்கும்!”

அம்மையார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அன்று மாலையே ஈசானிய மூலையில் சூடம் ஏற்றி வணங்கிவிட்டு, மற்ற இடங்களில் பரவலாக மண் வெட்டிக் கலந்து, நிழலில் உலர்த்தி, காய்ந்தபின் அலுவலகத்தில் கொடுத்தோம். இம்முறை மணிச்சத்து மிகக் குறைவு என்று வந்தது. சூப்பர் பாஸ்பேட் இட்டு நீர் பாய்ச்சினார்கள். சந்தைப் பேச்சு தள்ளிப் போயிற்று.

இதைப் படித்துவிட்டு மண் எடுக்கக் கிளம்புவோர் வரப்பையும் எருக்குழியையும் மர நிழலையும் விலக்குக. ஒரு மூலையைத் தொழுவது பக்தி. வயல் முழுவதையும் அறிவது கடமை. இரண்டுக்கும் பகையில்லை.

ஆடித் தேருக்கு மீண்டும் சென்றேன். தங்கையின் கணவர் தலைச்சுமையாக மசால் கொண்டுவந்து தொழுவத்தில் இறக்கினார். பச்சைக் கட்டை இறுக்கியிருந்தது அந்தப் புதுக் கயிறு.