வேலைவாய்ப்பு: ஒன்று

சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. இப்போது நாற்பத்தொன்று. ஆனாலும் பட்டறைக்காரர்களுக்கு அவள் இன்னும் 'சங்கத்துப் பொண்ணு'தான். வட்டாரத் தொழிலதிபர்கள் சங்கத்தின் முன்னறையில், பாதி ஜன்னலை மறைத்த அலமாரிக்குப் பக்கத்தில் அவள் மேசை. உறுப்பினர்கள் முந்நூற்றுச் சொச்சம். பாதிப் பேரின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் யாருக்கு மூச்சிரைப்பு, யாருடைய பங்காளி முறைத்துக்கொண்டு போனான் என்பதெல்லாம் அத்துப்படி. பயிற்சி வகுப்போ கண்காட்சியோ, போன் போட்டு ஆள் திரட்டுவது அவள் வேலை. அவள் குரலுக்கு மறுப்புச் சொல்ல அவர்களுக்கு நாக்கு எழாது.

மறுத்துக்கொண்டே இருந்தவர் ஒருவர்தான். அவளுடைய அக்காவின் கணவர்.

அத்தானுக்குச் சின்னதாக ஒரு ரப்பர் பட்டறை. ரப்பரை அச்சில் அழுத்திச் சூடேற்றும் பிரஸ் இரண்டு, ஆட்கள் ஐந்து. தண்ணீர்ப் பம்புக்குள் கசிவைத் தடுக்கப் போடும் வளையங்கள் செய்வார். மற்றவர்களின் வளையம் வெந்நீர் பட்டால் ஆறே மாதத்தில் இறுகி வெடித்துவிடும். அவருடையது மூன்று வருடம் தாங்கும். கலவையில் என்ன சேர்க்கிறார் என்று அக்காவுக்கே தெரியாது. எட்டு வருடம் சமையலறைப் பாத்திரத்தில் வளையங்களை வேகவைத்துப் பார்த்து, அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு கண்டுபிடித்தது அது.

"நான் கூட்டத்துக்கு வந்துட்டா பிரஸ்ஸ யாரும்மா ஓட்றது?" என்று தட்டிக்கழித்து வந்தவர், அந்த வருடம்தான் மசிந்தார். உள்ளூர் நிறுவனங்களுக்குக் கைகொடுக்கும் ஆண்டு என்று சங்கம் அறிவித்திருந்தது. சின்ன முதலாளிகள் பெரிய கம்பெனிக்காரர்களை நேரில் சந்திக்க ஒரு நாள் ஒதுக்கினார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம். அத்தானைச் சங்கத் துணைத்தலைவரின் எதிரே உட்காரவைத்தவள் அவளே. துணைத்தலைவருக்குப் பம்பு ஆலை. எல்லோரும் பம்புக்காரர் என்பார்கள்.

வளையத்தை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டுப் பம்புக்காரர் கேட்டார், "இவ்வளவு நாள் எங்கய்யா இருந்தீங்க?"

அடுத்த வாரம் பம்பு ஆலையிலிருந்து சங்கம் வழியாக ஒரு படிவம் வந்தது. தர ஒப்புதலுக்காகக் கலவையின் அளவு, பிரஸ்ஸின் சூடு, நேரம் எல்லாம் எழுதித் தர வேண்டும். அத்தான் பேனாவை மூடி வைத்தார்.

"இத குடுத்துட்டா அப்புறம் எங்கிட்ட என்னம்மா இருக்கு?"

"சங்கத்து வழியா வர்றது அத்தான். அவரு நம்ம துணைத்தலைவரு. ஏமாத்திட்டு எங்க போயிடுவாரு?"

அவர் கையெழுத்து கோழிக் கிறுக்கல். ஆகவே அவர் சொல்லச் சொல்ல, முத்து முத்தாக எழுதிக்கொடுத்தவளும் அவளே.

ஐந்து மாதம் ஆர்டர் கொட்டியது. இரண்டு பிரஸ்ஸும் அதற்கே சரியாகப் போனதால், பழைய வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக அவர் கைவிட்டார். ஆறாம் மாதம் ஆர்டர் நின்றது. சரக்கு ஏற்ற வரும் வேன் டிரைவர்தான் விஷயத்தை உடைத்தார்: பம்பு ஆலையின் பின்பக்கம் நாலு புது பிரஸ் இறங்கியிருக்கிறது, வளையத்தை இனி அவர்களே போடப்போகிறார்கள்.

அவள் சங்கச் செயலாளரிடம் போய் நின்றாள். கோபமே வராத மனிதர் அவர்.

"அறிமுகம் பண்ணி வைக்கிறதோட நம்ம வேல முடிஞ்சுதும்மா. மத்தது அவங்களுக்குள்ள."

"சங்கத்த நம்பித்தான் சார் எழுதிக் குடுத்தேன்."

"அத நீ எழுதியிருக்கக் கூடாது."



பட்டறை மூடியது. ஐந்து ஆட்களும் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். காகிதத்தில் இருந்த கலவை பம்பு ஆலையின் கைகளுக்குப் பிடிபடவில்லை. வளையங்கள் கொப்புளம் கொப்புளமாக வந்தன. பம்புக்காரர் அத்தானையே வேலைக்குக் கூப்பிட்டார். பிழைக்க வேண்டுமே, போனார். பம்புக்காரருக்குப் பெரிய மனசு என்று ஊர் பேசியது.

வருடக் கடைசியில் ஆண்டறிக்கை தட்டச்சு செய்ய அவளிடம் வந்தது. செயலாளர் தம் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'சந்திப்பு நாள் மூலம் உருவான நிரந்தர வேலைவாய்ப்பு: ஒன்று.'

"அத்தான் பட்டறைல வேல பாத்த அஞ்சு பேரு, சார்?"

"அவங்க உறுப்பினர் இல்லியேம்மா."

தட்டச்சு செய்தாள். ஆண்டுக் கூட்டத்துக்கு அத்தானை அழைக்கும் போனையும் அவள்தான் போட்டாள். ஒரே அழைப்பில், "வரேம்மா, பர்மிஷன் குடுத்திருக்காங்க" என்றார். கம்பெனியின் நீலச் சட்டையில் மேடையேறி, எழுதிக் கொடுத்த இரண்டு வரி நன்றியைப் படித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். செயலாளர் பார்த்துக்கொண்டிருந்ததால் அவளும் தட்டினாள்.

வெளியே படிக்கட்டில் அவரைப் பிடித்தாள். "ஒரு வார்த்த திட்டிடுங்க அத்தான்."

"எதுக்கும்மா? உன் வேலய நீ பாத்த." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஷிஃப்டுக்கு நேரமாச்சு."

அந்த ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா கதவைத் திறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு துணி மடிக்க உட்கார்ந்துவிட்டாள். நாலு நீலச் சட்டைகள் மடிந்து அடுக்காயின.

"எங்கூட பேசவே மாட்டியாக்கா?"

"உன்ன ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு அவரு சொல்லியிருக்காரு" என்றாள் அக்கா, நிமிராமல். "அத விட்டா பேச எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."