ஏழாம் விதியும் மூன்று கோடும்

ராமசேஷன் கடைக்குள் நுழைந்தால் தராசு முள் தானாக நடுவில் போய் நிற்கும் என்று தென்காசி வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான், ஒப்புக்கொள்ள வேண்டும். முள் நிற்காது, கடைக்காரர் நிற்பார். எல்லாக் கடைக்காரரும்கூட இல்லை. சுரண்டையில் ஒரு மளிகைக்காரர் கடைசிவரை உட்கார்ந்தேதான் இருந்தார்.

முப்பத்திரண்டு வருஷம் முத்திரை ஆய்வாளர் உத்தியோகம். எடைக்கல்லின் அடியைக் குடைந்திருக்கிறார்களா, எண்ணெய் அளக்கிற குவளை அடியில் ஒடுங்கியிருக்கிறதா, பொட்டலத்தின் மேல் எடையை அச்சிட்ட எழுத்து சட்டம் சொன்ன உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். கல்யாணத்தன்று மாமனார் சீராக வைத்த வெள்ளிக் குடத்தைக் கையில் வாங்கி, "எத்தனை லிட்டர் பிடிக்கும்?" என்று கேட்ட மாப்பிள்ளை. மனைவி பிருஹதாம்பாள் அதை நாற்பது வருஷமாக மறக்கவில்லை. ஆனாலும் அவரிடமிருந்து ஒரு பழக்கம் மட்டும் அவளுக்குத் தொற்றிக்கொண்டது. வீட்டுக்குள் எந்த பாட்டில் வந்தாலும், உள்ளே இருப்பது எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கே பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுவாள். நல்லெண்ணெய், தேன், இருமல் மருந்து, எதுவும் தப்பாது.

ஓய்வு பெற்ற பிறகு அதே கடைகளுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போனார் ராமசேஷன். கல்லாவில் இருந்த பையன்கள் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒரு நாள் ஒருவன், "அண்ணாச்சி, கொஞ்சம் அங்கன தள்ளி நில்லுங்க, லோடு இறங்குது" என்றான். 'சார்' போய் 'அண்ணாச்சி' ஆனதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. தள்ளி நிற்கச் சொன்னதுதான் ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுத்தது.

இந்த நிலையில்தான் டெக்ஸாஸிலிருந்து மகன் ஷ்ரவண் ஒரு பெட்டி அனுப்பினான். உள்ளே பன்னிரண்டு எசென்ஷியல் ஆயில். கட்டை விரல் அளவில் பழுப்புக் கண்ணாடி பாட்டில்கள். யூக்கலிப்டஸ், லவங்கம், பெப்பர்மிண்ட், புல்தைலம், எலுமிச்சை என்று வரிசையாக. கூடவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம். அப்பாவின் முழங்கால் வலிக்கு ஆகட்டுமே என்று பிள்ளை நினைத்தான். அப்பாவோ, உலகம் தனக்கு இரண்டாவது உத்தியோகம் கொடுத்துவிட்டதாக எடுத்துக்கொண்டார். பெங்களூர் ஸ்வர்ணா என்ற அம்மாள் ஆன்லைனில் நடத்திய மூன்று நாள் வகுப்பில் சேர்ந்தார். மூன்றாம் நாள் மாலை சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது. நாலாம் நாள் காலை அது லேமினேட் ஆகிச் சுவரில் ஏறியது.

அதற்குப் பிறகு வீட்டில் மூச்சு விடுவதற்குக்கூட ஒரு முறை வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை ரசத்தில் புல்தைலம் ஒரு சொட்டு விடப் போனவரைப் பிருஹதாம்பாள் கரண்டியால் மறித்தாள்.

"ஏன்னா, வாய்க்குள்ள விட்டுக்கப்படாதுன்னு அந்தப் புஸ்தகத்துலேயே போட்டிருக்கே."

"அது ஆரம்ப நிலைக்காராளுக்கு."

"நீங்க எந்த நிலை?"

அவர் அடுத்த நிலைக்குப் போய் ஒரு நாள் முழுதாக ஆகியிருந்தது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெயில் பெப்பர்மிண்டைத் தாராளமாகக் கலந்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனார். அருவித் தண்ணீர் பட்டதும் பற்கள் அடித்துக்கொண்ட சத்தம் செங்கோட்டை வரை கேட்டது. அவ்வளவு தூரம் இல்லை என்றாலும், பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர் சாமி வந்துவிட்டது என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி இடம் விட்டது உண்மை. அந்த மரியாதை ராமசேஷனுக்குக் குளிரிலும் இதமாகத்தான் இருந்தது.

படித்ததெல்லாம் வீண் என்று சொன்னால் அநியாயம். பாடத்தை அவர் நன்றாகவே படித்திருந்தார். இவை பெயருக்குத்தான் எண்ணெய். ஒரு கூடைப் பூவையோ இலையையோ தோலையோ ஒரு சிமிழுக்குள் அடைத்த சாறு என்பது தெரியும். முப்பது மில்லி தேங்காய் எண்ணெய்க்கு ஆறு சொட்டு போதும், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது என்பது தெரியும். முதலில் முழங்கையின் உள்பக்கம் கலவையை இத்தனூண்டு தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். கைக்குழந்தையின் மூக்குப் பக்கம் யூக்கலிப்டஸைக் கொண்டுபோகவே கூடாது. தோல் எரிந்தால் வெறும் தண்ணீரை ஊற்றுவதைவிட, சமையல் எண்ணெயால் துடைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுவது மேல். எல்லாவற்றையும் பத்து விதிகளாகத் தமிழில் எழுதி ரோஜா நிறத் தாளில் நோட்டீஸ் அடித்தார். ஏழாவது விதி இது: 'எலுமிச்சை, நாரத்தை இனத்து எண்ணெய்களைத் தோலில் தடவினால் அன்று முழுதும் அந்த இடத்தில் வெயில் படக் கூடாது.' எழுத்து மூன்று மில்லிமீட்டர் உயரம். அளந்துதான் அச்சுக்குக் கொடுத்தார்.

நோட்டீஸ் எதற்கு என்றால், ஓய்வூதியர் சங்கக் கட்டடத்தில் அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய சொற்பொழிவு. 'நறுமண எண்ணெய்கள்: அச்சமின்றி ஓர் அறிமுகம்.' சங்கச் செயலாளர் வைத்தீஸ்வரன் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். போன மாதம் கண்புரை பற்றிப் பேச வந்த டாக்டருக்கு ஏழு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் மைக் செட்காரர், ஒருவர் காபி கொண்டுவந்தவர். ராமசேஷன் மனதுக்குள் ஒன்றே ஒன்றுதான் வேண்டிக்கொண்டார். தான் உள்ளே நுழையும்போது நாலு பேராவது எழுந்து நிற்க வேண்டும்.

அதற்குப் பதினொரு நாள் முன்னால், ஒரு புதன்கிழமை காலை, குளித்துவிட்டு விபூதியைக் கையில் எடுத்தார். எலுமிச்சை வாசனை மனதை ஒருமுகப்படுத்தும் என்று புத்தகத்தில் இருந்தது. ஜபத்துக்கு ஒருமுகம்தானே வேண்டும். எனவே தண்ணீருக்குப் பதிலாக எலுமிச்சை எண்ணெயை விட்டு விபூதியைக் குழைத்து, நெற்றியில் மூன்று கோடு, இரண்டு புஜத்திலும் மும்மூன்று கோடு என்று பட்டையாக இட்டுக்கொண்டார். பிறகு நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டு காசிவிசுவநாதர் கோயில் கோபுர வாசலுக்குப் போனார். சீசனில் இரண்டு நாளாகச் சாரல் விடுப்பு எடுத்திருந்தது. வெயில் அதன் வேலையையும் சேர்த்துப் பார்த்தது. கோபுரக் காற்று துண்டைத் தோளில் நிற்கவிடவில்லை. மடித்து இடுப்பில் கட்டிக்கொண்டார். இரண்டு மணி நேரம் வெட்டவெளியில் நின்று, போவோர் வருவோர் எல்லோரிடமும் ஏழாவது விதி அடங்கிய தாளை அவரே தன் கையால் விநியோகித்தார்.

அன்று இரவே நெற்றி காந்தியது. மறுநாள் சிவந்தது. வெள்ளிக்கிழமை கொப்புளம் கண்டது. கோடு கோடாக, இம்மி பிசகாமல் கண்டது. தெருமுனை மெடிக்கலில் ஷாரோன் என்ற பெண் இருந்தாள், பார்மசி படித்தவள். அவள் நெற்றியைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள்.

"சார், எலுமிச்சை ஆயில் எதுவும் போட்டுட்டு வெயில்ல நின்னியளா?"

"போடலியே. விபூதிதான் குழைச்சு இட்டுண்டேன்."

"எதுல குழைச்சிய?"

ராமசேஷன் கடைக் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். அங்கே அவரே போன வாரம் ஒட்டிவிட்டுப் போன ரோஜா நிற நோட்டீஸ் இருந்தது. ஷாரோனும் அதைத்தான் பார்த்தாள்.

"ஏழாவதா என்னமோ போட்டிருக்கியளே சார்."

"தடவினால்னு போட்டிருக்கு. விபூதி இட்டுக்கறது தடவறதுல சேருமா?"

"தோலுக்கு அது தெரியாதுல்லா சார்" என்றாள் ஷாரோன்.

தோல் டாக்டர் ஒரு களிம்பு கொடுத்தார். வெயில் கூடாது, ஆறும்வரை விபூதி கூடாது என்றார். ஒரு வாரத்தில் கொப்புளம் அடங்கிவிட்டது. கோடுகள் அடங்கவில்லை. விபூதி வெள்ளை, இவை நல்ல கறுப்பு. நெற்றியில் மூன்று, புஜங்களில் மும்மூன்று. போட்டோ நெகட்டிவில் ஒரு சிவபக்தர்.

நாற்காலி எத்தனை போடலாம் என்று கேட்க வந்த வைத்தீஸ்வரன் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஓய், விபூதி இல்லாமலே விபூதி தெரியறதே. தண்ணி பட்டாப் போகலையா?"

"போகலை" என்றார் ராமசேஷன். அது உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, "எல்லாம் அவன் செயல்" என்று சேர்த்துக்கொண்டார்.

அவ்வளவுதான், வைத்தீஸ்வரனுக்கு வேறென்ன வேண்டும். விசுவநாதரே முத்திரை ஆய்வாளருக்கு முத்திரை போட்டுவிட்டார் என்ற செய்தி மாலைக்குள் நாலு ரத வீதியையும் சுற்றி வந்தது. கோபுர வாசலில் பூக்கட்டும் ஆவுடையம்மாள், கேட்காமலே இரண்டு முழம் கதம்பம் கொடுத்தனுப்பினாள். மளிகைக் கடையில் அந்தச் செல்போன் பையன் எழுந்து நின்று, "சாமி, இங்கன வாங்க, ஃபேனுக்குக் கீழ உக்காருங்க" என்றான். ராமசேஷன் எதையும் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லாமல் இருப்பதற்கு ஒரு முகம் வேண்டும். கண்ணாடி முன் நின்று அதைப் பழகிக்கொண்டார்.

"உண்மையைச் சொல்லிடுங்கோ" என்றாள் பிருஹதாம்பாள்.

"யாரும் கேக்கலையே."

"கேக்க மாட்டா. நோட்டீஸைப் படிச்சவா ஒருத்தர் ரெண்டு பேர். நெத்தியைப் பாத்தவா ஊர் பூரா."

அவருக்கும் தெரியாமல் இல்லை. உண்மையைச் சொன்னால் கூட்டம் ஏழு பேர், ஒருவேளை சிரிப்பதற்காக எட்டுப் பேர். சொல்லாவிட்டால், போன உத்தியோகம் திரும்பி வந்த மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நூற்றிருபது பேர் என்றார் வைத்தீஸ்வரன். வாசலில் கிடந்த செருப்புகளை ஒற்றை ஒற்றையாக எண்ணியிருப்பார். எப்படியானாலும் நாற்காலிகள் நிறைந்திருந்தன. ராமசேஷன் உள்ளே வந்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். மெதுவாக நடந்தார், சீக்கிரம் போனால் சீக்கிரம் உட்கார்ந்துவிடுவார்களே.

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. யாரும் கேட்கவில்லை, எல்லோரும் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விதிகளை ஒவ்வொன்றாக வாசித்தார். ஐந்தாவது சொன்னார், ஆறாவது சொன்னார், ஒரு வாய் தண்ணீர் குடித்தார், எட்டாவதைச் சொன்னார். பின்வரிசையில் ஷாரோன் நோட்டீஸைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். முன்வரிசையில் பிருஹதாம்பாள் குனியவில்லை.

பேச்சு முடிந்ததும் வைத்தீஸ்வரன் மைக்கை வாங்கி, அந்தப் புதன்கிழமை நெற்றிக்குப் போட்ட தைலம் இதோ மேஜை மேலேயே இருக்கிறது என்று அறிவித்தார். பிருஹதாம்பாளிடம் பேச்சுவாக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார் மனிதர். யாரும் சொல்லாமலே ஒரு வரிசை உண்டாயிற்று. தீர்த்தத்துக்குக் குழிக்கிற மாதிரி வலது கையைக் குழித்து, இடது கையால் தாங்கிக்கொண்டு வந்தார்கள். முதல் ஆள் ஆவுடையம்மாள்.

"சாமி, எனக்கு ஒரு சொட்டு விடுங்க. நெத்தியில பூசிக்கிடுதேன். பேத்திக்கும் கொஞ்சம் கொண்டுபோவேன்."

ராமசேஷன் பாட்டிலை எடுத்துவிட்டார். மூடியும் திறந்தாகிவிட்டது. நேரம் கடத்துவதற்காகத்தான் கேட்டார்: "நாளைக்கும் கடை உண்டா?"

"என்னைக்கு இல்ல? காலையில ஏழு மணிக்குக் கோபுர வாசல்ல உக்காந்தா சாயந்தரம் வரைக்கும் வெயிலுதான். பேத்தியும் பக்கத்துலதான் இருப்பா."

அந்தக் குழித்த கை அவர் முன்னால் அப்படியே இருந்தது. பூநார் உரசி உரசி விரல்களில் கோடு விழுந்த கை. ராமசேஷன் பாட்டிலைப் பார்த்தார், கையைப் பார்த்தார், கூடத்தில் இருந்த அத்தனை பேரையும் பார்த்தார். ஒரு காலத்தில் கள்ள எடைக்கல்லைப் பறிமுதல் செய்யும்போது எப்படித் திருகி மூட்டையைக் கட்டுவாரோ அப்படி மூடியைத் திருகினார். மைக்கைத் திரும்ப வாங்கினார்.

"ஏழாவது விதியை விட்டுட்டேன்" என்றார். "எல்லாரும் நோட்டீஸைப் பாருங்கோ. இது விசுவநாதர் போட்ட கோடு இல்லை. நானே போட்டுண்டது. எலுமிச்சை எண்ணெயில விபூதியைக் குழைச்சு இட்டுண்டு, கோபுர வாசல்ல ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னேன். உங்க கையில இருக்கே, இந்த நோட்டீஸைக் குடுத்துண்டுதான் நின்னேன்."

தாள்கள் சரசரத்தன. பின்னால் யாரோ சிரித்தார். வைத்தீஸ்வரன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆவுடையம்மாள் கையை இழுத்து, ஒன்றுமே படாத உள்ளங்கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ இது சூட்டுக் காயமா சாமி?"

"ஆமா."

"நான் ரெண்டு முழம் கதம்பம்லா குடுத்தேன்" என்றாள் அவள்.

பாதிக் கூடம் செருப்பைத் தேடிப் போய்விட்டது. மீதிப் பாதி உட்கார்ந்து, வந்ததிலிருந்து முதல் தடவையாக நோட்டீஸைப் படிக்கத் தொடங்கியது. ஒருவர் பேனாகூட எடுத்தார். இதைப் பார்த்ததும் ராமசேஷனுக்கு உயிர் கொஞ்சம் திரும்பி வந்தது. வந்த உயிர் சும்மா இருக்குமா? பாட்டிலை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பழைய ஆய்வாளர் குரலில் சொன்னார்:

"இதுலேருந்து என்ன தெரியறது? நான் போட்டது ஒரே ஒரு சொட்டு. ஒரு சொட்டுக்கே இந்தப் பாடு."

முன்வரிசையில் பிருஹதாம்பாள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

"அதை இப்படி வெளிச்சத்துக்குத் திருப்புங்கோ" என்றாள். "என் பேனாக் கோடு கழுத்துக்கிட்ட இருக்கா? எண்ணெய் எங்க நிக்கறது பாருங்கோ. ஒரு சொட்டு இல்லை, கால் பாட்டில்."