சாமையை வடிக்கக் கூடாது: கல்வராயன் மலையில் ஓர் அறுப்பின் பண்டிகை

போன பொங்கல் முடிந்த வாரம், சனிக்கிழமை கிளம்பி திங்கட்கிழமை திரும்பினேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. எங்கள் தியாகதுருகம் சபையின் பாஸ்டர் அனுப்பினார், போனேன். மலைமேல் ஒரு சின்ன ஊரில் பதினைந்து குடும்பம் சேர்ந்து தகரக் கூரை போட்டு ஜெபக்கூடம் கட்டியிருக்கிறார்கள். அங்கே முதல் அறுப்பின் பண்டிகை. விளைந்ததில் முதல் பங்கை ஆண்டவருக்குக் காணிக்கையாக வைத்து, ஆராதனை முடிந்ததும் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம்.

நான் படித்தது அஞ்சாவது வரைக்கும்தான். ஆனால் முப்பது வருஷமாக எங்கள் சபையில் கல்யாணமோ கன்வென்ஷனோ, அண்டா என் பொறுப்பு. ஐநூறு பேருக்கும் கைக்கணக்கிலேயே உப்புப் போடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன், அதனால் வந்த வினையைப் பின்னால் படிப்பீர்கள்.

ஞாயிறுதோறும் சாட்சி சொல்லும்போது "எங்கே அனுப்பினாலும் போவேன் ஆண்டவரே" என்று சத்தமாகச் சொல்கிறவள் நான். பாஸ்டர் அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

"ராகேலம்மா, மலையில எஸ்தர்னு ஒரு அம்மா சமைக்கிறாங்க. நூத்தி இருபது பேரு. நீங்க கூடமாட இருந்து உதவி பண்ணிட்டு வாங்க" என்றார்.

கூடமாடவா? நானா? அந்த வாரம் முட்டி வலி என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம், பஸ்ஸில் வாந்தி வரும் என்றேன். மூன்றாவது வாரம் அவர் கேட்கவே இல்லை, சிரித்துவிட்டுப் போனார். அதுதான் உறுத்தியது. வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டேன். "போறேன் ஆண்டவரே, போதுமா?" என்றேன். ஜெபம் என்று அதைச் சொல்லக்கூடாது, சண்டை.

சனிக்கிழமை காலை 6.10க்கு தியாகதுருகத்தில் டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்கு இலவசம். 6.50க்குக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட். நாலு இட்லியும் ஒரு டீயும் ஐம்பத்திரண்டு ரூபாய். மலைக்குப் போகிறவர்கள் இங்கேயே சாப்பிடுங்கள், ஆனால் அரை வயிறு. வெள்ளிமலை பஸ் 7.25க்குக் கிளம்பியது. அதில் எனக்கு முப்பத்தெட்டு ரூபாய் டிக்கெட். எல்லா பஸ்ஸிலும் இலவசம் இல்லை, ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் பையிலிருந்து மூன்றடி நீளத்துக்கு மரத் துடுப்பு நீட்டிக்கொண்டிருந்தது. அண்டாவில் கிண்டுவதற்கு என் கைக்கென்று செய்த துடுப்பு. கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா ஆயா, கரியாலூர் ஏரியில படகு ஓட்டப் போறியா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. "சமைக்கப் போறேன்பா" என்றேன் முறைப்பாக. உதவி செய்யப் போகிறேன் என்று வாயில் வரவில்லை பாருங்கள்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை போனதும் மலைப்பாதை. ஜன்னல் ஓரமாக, பஸ்ஸின் முன்பாதியில் உட்காருங்கள். வாயில் ஒரு புளிப்பு மிட்டாய் போட்டுக்கொண்டால் வளைவுகள் தெரியாது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மூங்கில், கீழே எங்கள் கரும்புக் கொல்லையெல்லாம் பாய் விரித்த மாதிரி. இவ்வளவு அழகை ஆண்டவர் நாற்பது கிலோமீட்டருக்குள் வைத்திருக்கிறார், அறுபத்தேழு வயது வரைக்கும் நான் ஏறிப் பார்க்கவில்லை. அப்போதும் மனசு இளகவில்லை. உடம்பு பஸ்ஸில் மேலே போய்க்கொண்டிருந்தது, மனசு மட்டும் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலேயே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

9.20க்கு வெள்ளிமலை. அங்கிருந்து ஷேர் ஜீப், ஒன்பது கிலோமீட்டர், நாற்பது ரூபாய். ஆள் நிரம்பினால்தான் எடுப்பார்கள், நான் முக்கால் மணி நேரம் காத்திருந்தேன்.

ஜீப் நின்ற இடத்திலேயே எஸ்தர் நின்றிருந்தாள். நாற்பது வயசிருக்கும், ஒல்லி, குரல் மட்டும் கணீர் என்று. என் பையை வாங்கிக்கொண்டாள். வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். ஒரு முறம் பச்சை மொச்சையை என் முன்னால் வைத்து, "உரிச்சிக்கினே பேசலாம்மா" என்றாள். உரித்தேன், வேண்டாவெறுப்பாக.

பேச்சில் விஷயம் தெரிந்தது. எஸ்தரின் வீட்டுக்காரர் மாணிக்கம். அவருக்கு ஒரே அண்ணன் சடையன், நாலு வீடு தள்ளி இருக்கிறார். தம்பி குடும்பம் சபைக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து, நாலு வருஷமாக, அந்த அண்ணன் இவர்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. தம்பியோடு ஒரு வார்த்தை பேச்சும் இல்லை. "ஊரையே சாப்பிடக் கூப்பிட்டிருக்கோம். எங்க வூட்டுக்காரரு அண்ணனையும் போய்க் கூப்பிட்டேன். வரேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. சாமை சோறுன்னா அவருக்கு உசுரு. அதனாலதான் நாளைக்கு அரிசி வேணாம், சாமையே போடலாம்னு சொன்னேன்" என்றாள். பத்துப் படி சாமையை ஒரு வாரமாக வீடு வீடாகப் பெண்கள் உரலில் குத்திச் சேர்த்து வைத்திருந்தார்கள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அடுப்பு மூட்டினோம். பனியில் பக்கத்து வீடு தெரியவில்லை. ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். ஒன்பது மணிக்கு மொச்சைக் குழம்பும் ரசமும் இறங்கிவிட்டன. எஸ்தர் படியை என் கையில் கொடுத்து, "ஒண்ணுக்கு ரெண்டு தண்ணிம்மா. மூடி வெச்சிடணும். கிண்டக் கூடாது, வடிக்கக் கூடாது. நான் காணிக்கை அடுக்கிட்டு வந்துடறேன், அதுவரைக்கும் தண்ணி மட்டும் கொதிக்கட்டும்" என்றாள்.

"நீ போய் வேலையப் பாரு. எனக்கு அடுப்பு புதுசா?" என்றேன்.

பத்துப் படிக்கு இருபது படி தண்ணீர் அண்டாவில் பாதிகூட இல்லை. இதில் எப்படி வேகும்? விளிம்பு வரைக்கும் ஊற்றினேன். கொதித்ததும் அவளுக்காகக் காத்திருக்காமல் சாமையைக் கொட்டி, என் துடுப்பை எடுத்துக் கிண்டினேன். சோறு மாதிரி வடித்துவிடலாம் என்று நினைப்பு. சாமை நெல்லரிசி மாதிரி காத்திருக்கவில்லை. பத்து நிமிஷத்தில் கரைந்தது. வடிக்கத் துணி கட்டினால் கஞ்சி இறங்கவே இல்லை. பயந்து நெருப்பை ஏற்றினேன், அடி பிடித்துத் தீய்ந்த வாடை ஜெபக்கூடம் வரைக்கும் போய்விட்டது.

எஸ்தர் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். வாயில் கையை வைத்துக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது சொல்லியிருப்பேன். ஒரு வாரம் குத்தின சாமை மாட்டுத் தொட்டிக்குப் போனது.

மணி பத்து. ஆராதனை பத்தரைக்கு, பந்தி ஒரு மணிக்கு. எந்த வீட்டிலும் குத்தின சாமை இல்லை. உமியோடு இருப்பதைக் குத்த நேரமும் இல்லை. மாணிக்கம் மெதுவாகச் சொன்னார்: "அண்ணன் வூட்ல இருக்கும். சந்தைக்குப் போட மில்லுல அரைச்சி ரெண்டு மூட்டை வெச்சிருக்காரு."

எஸ்தர் என்னைப் பார்த்தாள். "நாங்க போனா கதவ சாத்திடுவாரு. வெளியூர்லேர்ந்து வந்தவங்கள சாத்த மாட்டாரு. நீங்க போறீங்களாம்மா?"

நாலு வீடுதான். என் வாழ்க்கையில் அவ்வளவு தூரம் நடந்ததில்லை. யார் வீட்டிலும் ஒரு பிடி உப்புக்கூடக் கேட்டு நின்றவள் இல்லை நான். போகிற வழியிலேயே ஒரு பொய்யை நன்றாகத் தயார் செய்துகொண்டேன்: ஆள் ஜாஸ்தி வந்துட்டாங்க, சாமை பத்தல. கேட்க மரியாதையாக இருக்கும், என் பேரும் கெடாது. மூன்றாவது வீட்டைத் தாண்டும்போது, "எங்கே அனுப்பினாலும் போவேன்" என்று நான் சத்தமாகச் சொன்னது என் காதிலேயே கேட்டது. ஊட்டியோ பெங்களூரோ என்று நினைத்திருந்தேன் போல. ஆண்டவர் அனுப்பினது இந்த நாலாவது வீட்டு வாசலுக்கு. "ஆண்டவரே, காலு வந்துடுச்சு, மனசையும் கூட்டிக்கினு வாரும்" என்றேன். அந்தப் பயணத்தில் நான் மனசாரச் செய்த முதல் ஜெபம் அதுதான்.

சடையன் வாசலில் கட்டிலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். வெள்ளை மீசை.

"யாரும்மா?"

"நான் தியாகதுருகத்துலேர்ந்து வந்திருக்கேன்ங்க. உங்க தம்பி வூட்டு விருந்துக்கு ஒத்தாசைக்கு வந்தவ. எஸ்தர் ஒண்ணுக்கு ரெண்டு தண்ணின்னு சொல்லிச்சி. நான் கேக்கல. அண்டா நிறைய ஊத்தி, வடிக்கப் பாத்தேன். பத்துப் படியும் போச்சுங்க. தப்பு என்னுது, அவங்களுது இல்ல. உங்ககிட்ட சாமை இருந்தா குடுங்க."

தயார் செய்த பொய் எங்கே போனதென்று தெரியவில்லை.

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். "வடிச்சீங்களா? சாமையவா?" வீட்டுக்குள் திரும்பி, "ஏ, இங்க வா! வந்து இந்தக் கூத்தக் கேளு. இந்தம்மா சாமைய வடிச்சாங்களாம்!" என்று கத்தினார். அவர் சம்சாரம் வந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தது. அவரும் சிரித்தார். வேறு வழியில்லாமல் நானும் சிரித்துவிட்டேன். சிரித்ததும் நெஞ்சில் இருந்த கல் இறங்கின மாதிரி ஆனது.

உள்ளே போய் ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தார். "குடுங்க, நான் ஆள் கூட்டியாந்து..." என்றேன்.

"உங்க கையில குடுத்தா இதையும் ஆத்துல வுட்டுடுவீங்க. நடங்க."

அவர் மூட்டையோடு வருவதைப் பார்த்து எஸ்தர் அடுப்பு ஓரமாக ஒதுங்கி நின்றாள். அவர் தம்பியைப் பார்க்கவில்லை. தண்ணீரை அவரே படியால் அளந்து ஊற்றினார். என் துடுப்பைத் தூக்கிக் கூரையில் சொருகினார். "நீங்க அப்படி தள்ளி உக்காருங்கம்மா" என்றார். ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் பூண்டு வேண்டும் என்றாள் எஸ்தர். உட்கார்ந்து உரித்தேன். பாஸ்டர் சொல்லி அனுப்பின வேலையை அப்போதுதான் தொடங்கினேன் என்று நினைத்துக்கொண்டேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை, யாரும் பாராட்டவில்லை, ஆனாலும் அப்படி ஒரு நிம்மதி. உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது, நான் வெளியிலிருந்தே கூடப் பாடினேன்.

பந்தி 1.40க்கு. சோறு ஒவ்வொரு மணியும் தனித்தனியாக நின்றது. சடையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பப் பார்த்தார். எஸ்தர் அவர் முன்னால் ஓர் இலையைப் போட்டாள், வா என்று சொல்லவில்லை. அவர் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பதம் பாத்துட்டுப் போறேன்" என்று உட்கார்ந்தார்.

மாணிக்கம்தான் ரசம் ஊற்றினார். சடையன் ஒரு வாய் வைத்தார், மென்றார், தலையைத் தூக்காமல், "உப்பு கம்மி" என்றார்.

"எடுத்தாரேண்ணா" என்று மாணிக்கம் ஓடினார். நாலு வருஷத்தில் அண்ணனும் தம்பியும் பேசின முதல் பேச்சு அது. எஸ்தர் அடுப்பின் பக்கம் திரும்பி நின்று அழுதாள். நான் பூண்டுத் தோலைப் பொறுக்கிக்கொண்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். கெடுத்தவள் நான், அதை நல்லதென்று சொல்ல மாட்டேன். என் சமையல் திறமையைக் கேட்காமல், சொன்னபடி போய் நிற்கிற இரண்டு காலை மட்டும் அவர் கேட்டிருக்கிறார். நான்தான் அண்டாவையும் துடுப்பையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனேன்.

திங்கள் காலை எட்டு மணி ஜீப்பில் இறங்கினேன். ஊர் பேரை எழுத வேண்டாம் என்று எஸ்தர் சொல்லிவிட்டாள், அதனால் எழுதவில்லை. வெள்ளிமலையில் தேன், கடுக்காய், சாமை எல்லாம் கிடைக்கும். போய்வர பஸ், ஜீப் இரண்டும் சேர்த்து எனக்கு நூற்றைம்பத்தாறு ரூபாய். மழை பெய்தால் ஜீப் வராது, ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள். வேண்டிய மருந்து மாத்திரையைக் கீழேயே வாங்கிவிடுங்கள். சாமை வாங்கினால் ஒன்றுக்கு இரண்டு தண்ணீர், மூடி வைத்துவிட்டுத் தள்ளி உட்காருங்கள். ஊழியத்துக்கென்று போகிறவர்கள் பையில் கனம் கம்மியாக எடுத்துப் போங்கள். என் துடுப்பு இன்னும் அந்தக் கூரையில்தான் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், சபையார் எல்லாரும் நிற்கும்போதே பாஸ்டர் கேட்டார்: "மலையில சமையல் எப்படி ஆச்சும்மா?"

"நல்லா ஆச்சுங்க" என்றேன். "நான் பூண்டு உரிச்சேன்."