ஓரத்தில் நின்றவள்

குரோம்பேட்டையில் படங்களுக்கு ஃபிரேம் போடும் கடை வைத்திருந்தேன். புகழ்பெற்ற நவீன ஓவியர் ஒருவரின் சந்தைப் படம் அப்போது நிறைய வரும். அச்சுப் பிரதியின் ஓரத்தை வெட்டி, கையிருப்பு ஃபிரேமில் அடக்கிவிடுவேன்.

அஸ்தினாபுரத்து டீச்சர் ஒருவர் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். "ஓரத்துல ஒரு பொண்ணு இருந்தாளே, எங்க சார்?"

"ஓரத்துல நிக்கிறவள எவன் பாக்கப் போறான், டீச்சர்?" என்று எரிந்து விழுந்தேன்.

"மியூசியத்துல ஒரிஜினல் இருக்கு. பாத்துட்டு வந்து பேசுங்க."

அவர் வாயை அடைக்கவே ஞாயிற்றுக்கிழமை எழும்பூருக்கு ரயிலேறினேன். ஆளுயர ஒரிஜினலில், சந்தையில் இருந்த அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு, ஓரத்தில் நின்று அழும் அந்தப் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளை வெட்டிக் குப்பையில் போட்ட என் கைமேல் இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை. என் புண்ணியத்தில், எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அந்தக் கூட்டம் வெறும் மரச்சட்டத்தை முறைத்துக்கொண்டிருக்கிறது.