மேசையில் இரண்டு தட்டு

எழுதுவதற்கு எனக்கு ஒரு தகுதியும் இல்லை. ப்ளஸ் டூவோடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். மாமாவைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை என்று தெரிந்ததால் உட்கார்ந்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் நியூ ஜெர்சியில், அட்லாண்டிக் சிட்டிக்குப் பக்கத்து ஊரில் இருந்தோம். அங்கே கடலைப் பார்த்தபடி வரிசையாகச் சூதாட்டக் கேசினோக்கள். ஒரு தெரு பின்னால் தள்ளிப் போனால் பூட்டிக் கிடக்கும் கடைகள். எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு அந்தக் கேசினோக்கள்தான் சோறு போட்டன. அப்பா ஒன்றின் சமையலறையில் இருந்தார். அம்மாவின் தம்பியான என் மாமா எங்களோடு இருந்துகொண்டு, இன்னொன்றில் சீட்டுப் போடும் டீலராக வேலை பார்த்தார். பாத்திரம் கழுவப் போனவர், சீட்டுப் போடுவதற்கென்றே இருக்கும் பள்ளியில் சேர்ந்து கற்றுக்கொண்டு மேசைக்கு வந்தவர்.

லீவு நாளில் எங்கள் சாப்பாட்டு மேசையில் பச்சைப் போர்வையை விரித்து எனக்கும் சீட்டுப் போடுவார். பந்தயம் வறுத்த கடலை. இன்னொரு சீட்டு வேண்டுமென்றால் வாயால் கேட்கக் கூடாது, இரண்டு விரலால் மேசையைத் தட்ட வேண்டும். போதுமென்றால் உள்ளங்கையைக் கவிழ்த்து ஒருமுறை வீச வேண்டும். கேசினோவின் கூரையில் இருக்கும் கேமராவுக்குக் காது கிடையாது, கண் மட்டும்தான் என்பார். டீலர் மேசையை விட்டு நகரும்போது கையை ஒருமுறை தட்டி, இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டவேண்டும். எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்று அர்த்தம். மாமாவுக்கு அது ஊறிப்போயிருந்தது. சாமி கும்பிட்டுவிட்டு நகரும்போதும் தட்டிக் காட்டுவார். "சாமி உன்னைச் சந்தேகப்படலடா, போய் உக்காரு" என்பாள் அம்மா.

மாமாவுக்கு முப்பத்தைந்து தாண்டியிருந்தது. டீலர் என்று தெரிந்ததும் வந்த ஜாதகங்கள் எல்லாம் திரும்பிப் போயின. சூதாடுகிறவனுக்கும் சீட்டுப் போடுகிறவனுக்கும் வித்தியாசம் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. அதனால் நம்மவர்கள் நிறைய இருக்கும் எடிசன் என்ற ஊரிலிருந்து ஒரு இடம் வந்தபோது, தம்பி ஹோட்டல் மேனேஜ்மெண்ட்டில் இருக்கிறான் என்று அம்மா சொல்லிவிட்டாள். கேசினோவுக்கு மேலே ஹோட்டலும் இருப்பதால் அது முழுப் பொய் இல்லை என்பது அவள் கட்சி. ஜாதகம் பொருந்திவிட்டது. பெண்ணின் படத்தை மாமா சீப்பு வைக்கிற இடத்தில் வைத்துக்கொண்டார். தலை வாரும் நேரம் கூடிப்போனதை அப்பா கேலி செய்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்ணும் அவள் அப்பா அம்மாவும் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். அம்மா விடியும் முன்பே எழுந்து ஒப்புட்டுக்கு, அதான் போளிக்கு, பருப்பு வேகவைத்தாள். மேசைக்குப் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு போட்டோம். வாசலில் மாமா கூச்சத்தோடு, "வாங்க மாமா, வாங்க அத்தை" என்றார். மாமாவுக்கே ஒரு மாமாவா என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பெண்ணும் மாமாவும் கொல்லைப் பக்கம் பேசப் போனபோது என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். துணி காயும் கயிற்றுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். பீச் ரொம்ப க்ளோஸா என்று அவள் கேட்டாள். தன் அப்பா இந்தப் பக்கமே கூட்டிக்கொண்டு வந்ததில்லை, இது நல்ல ப்ளேஸ் இல்லை என்பார் என்றாள்.

"கடல் நல்லாத்தான் இருக்குங்க. ஒரு நாள் நான் காட்டறேன்" என்றார் மாமா.

அவள் சிரித்தாள். மாமா கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தன் வேலையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும் என்று ஆரம்பித்தார். அதை அன்று எப்படியும் சொல்லிவிடுவேன் என்று அம்மாவிடம் காலையிலேயே சண்டை போட்டிருந்தார். அதற்குள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். "அப்ப சாப்ட்டுட்டு வந்து கேக்கறேன்" என்று அவள் உள்ளே போனாள்.

மாமாதான் பரிமாறினார். பெண்ணின் அம்மா, வெள்ளிக்கிழமை ஆனால் தன் வீட்டுக்காரரைப் பிடிக்கவே முடியாது, கோயில் கமிட்டி வேலை என்று போனால் விடிந்துதான் வருவார் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரோ எடிசனில் வீட்டு விலை ஏறுவதைப் பற்றி அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். மாமா ஒப்புட்டைச் சீட்டுப் போலவே தட்டில் நழுவவிடுவது எனக்குப் பிடித்திருந்தது. பெண்ணின் அப்பா ஒன்றைச் சாப்பிட்டு முடித்தார். பேச்சை நிறுத்தாமல், நிமிர்ந்தும் பார்க்காமல், மேசையை இரண்டு விரலால் தட்டினார்.

மாமா ஒரு கணம் நின்றார். பிறகு இன்னொரு ஒப்புட்டு வைத்தார். பெண்ணின் அப்பா உள்ளங்கையைக் கவிழ்த்து ஒருமுறை வீசினார்.

எனக்கு ஒரே சந்தோஷம். இவருக்கும் எங்கள் விளையாட்டு தெரிந்திருக்கிறது.

மாமா பாத்திரத்தைக் கீழே வைத்தார். நகரும்போது, பழக்கத்தில், கையைத் தட்டி இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார். பெண்ணின் அப்பா வீட்டு விலையைப் பாதியில் விட்டுவிட்டு, அப்போதுதான் முதல்முறையாக மாமாவின் முகத்தைச் சரியாகப் பார்த்தார். விளையாட வருகிறவர்கள் டீலரின் கையைத்தான் பார்ப்பார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்று பல வருடம் கழித்து மாமா சொன்னார். டீலருக்கும் அப்படித்தானாம். அந்த இரண்டு விரல் ஒரு குளிர்காலம் முழுக்க, வெள்ளிக்கிழமைதோறும், மாமாவின் மேசையில் தட்டியிருக்கிறது. தோற்கத் தோற்க வேகமாகத் தட்டுமாம்.

தயிர்ச் சோறு வேண்டாம் என்றுவிட்டார் அவர். பார்க்வே சாலையில் ட்ராஃபிக் ஏறிவிடும் என்று எழுந்தார். பெண் கொல்லைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

பெண்கள் வாசலில் விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். ஒப்புட்டு டப்பாவைக் காரில் வைக்க நான் முன்னால் ஓடினேன். கார்க் கதவைப் பிடித்தபடி அவர் மாமாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, வீட்ல யாருக்கும் தெரியாது."

"எனக்கும் ஒண்ணும் தெரியாதுங்க, சார்."

அவர் மாமாவின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். சீக்கிரம் விடவில்லை.

நான் உள்ளே ஓடி, கல்யாணம் முடிவாகிவிட்டது, கை கொடுத்துவிட்டார் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் வாயில் சர்க்கரை போட்டாள். பேசாமலே ஒருவருக்கொருவர் புரிந்துகொண்டார்களே, இதைவிட நல்ல சம்பந்தம் எங்கே கிடைக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். ஒன்றே ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. மாமா பூப்போட்ட விரிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய்க் கேட்டேன். வரும்போது மாமா என்று கூப்பிட்டவரை, போகும்போது ஏன் சார் என்றீர்கள்?

"பழக்கம், கண்ணு" என்றார். விரிப்பை மடித்து வைத்தார். அன்று கை தட்ட மறந்துவிட்டார்.

மறுநாள் காலை எடிசனிலிருந்து ஃபோன் வந்தது. ஜாதகத்தை இன்னொருவரிடம் காட்டினார்களாம், பொருந்தவில்லையாம். மாமா மதிய ஷிஃப்டுக்குப் போனார்.