பூனைக்குக் கொடுத்த சட்டை

எங்கள் பூனை தன்னைத்தானே நக்கி மொட்டையாக்கிக்கொண்ட வருடம் எனக்கு ஒன்பது வயது. எங்கள் பூனை என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன். அது அண்ணாவின் பூனை. அப்பா, அம்மா, நான் ஆகிய மூவரும் அதன் கணக்கில் சோறு போடுகிற வேலைக்காரர்கள். அண்ணா அதைத் 'துரை' என்று கூப்பிடுவார். இரவில் அவருடைய முழங்கால் மடிப்புக்குள் போய்ச் சுருண்டுகொள்ளும். அதன் தூக்கம் கலைந்துவிடும் என்று அவர் புரளாமல் கிடப்பார், விடிந்ததும் இடுப்பு நோகிறது என்று முனகுவார்.

அந்த அண்ணா ஒரு நாள் காலை வள்ளத்தில் எங்கள் ஊரான நெடுந்தீவை விட்டுப் புறப்பட்டார். ஏஜென்சிக்காரன் ஒருவன் கடல் வழியாக வெளிநாட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தான். எந்தக் கடல், எத்தனை நாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் அறிந்த கடல் ஒரு மணித்தியாலத்தில் முடிந்து, அக்கரையில் பஸ் நிற்கும்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தூரப் பயணம் போனவர் கழற்றிப் போட்ட உடுப்பை, அவர் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை தோய்க்கக்கூடாது. தோய்த்தால் போகிறவரின் வழி அழிந்துபோகுமாம். அண்ணா கொழும்புக்குப் போகும்போதெல்லாம் அம்மா தொலைபேசியைச் சுற்றிச் சுற்றி வருவார். செய்தி வந்த கையோடு வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போவார். நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது கொடியில் அண்ணாவின் சட்டை ஆடினால் அவர் சுகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

இந்த முறை அவர் விட்டுப் போனது நீலக் கோடு போட்ட சட்டை. இரண்டு கிழமை கழித்து ஒரு தடவை அழைத்தார்.

"நாளைக்குக் கப்பல்ல ஏத்துகினமாம். போய்ச் சேர்ந்திட்டு எடுக்கிறன்."

அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. சட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. மாரி வந்து சுவரெல்லாம் ஈரம் ஊறத் தொடங்கியதும் அம்மா அதை ஒரு பையில் போட்டு, காற்றுப் புகாமல் இறுக முடிந்து, அலுமாரிக்குள் வைத்தார். அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பையில் ஒரு தரம் கையை வைத்துவிட்டு மூடுவார். பையை அவிழ்த்ததை நான் கண்டதில்லை.

துரை நக்கத் தொடங்கியது அந்த மாரியில்தான். முதலில் நல்ல சுத்தமான பூனை என்று மெச்சினோம். பிறகு வயிற்றில் உரோமம் போய் இளஞ்சிவப்பாகத் தோல் தெரிந்தது. அடுத்துப் பின்னங்காலின் உட்பக்கத்தைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கியது.

"இது சொறியெல்லோ! பிள்ளைக்கும் தொத்தப்போகுது" என்று பக்கத்து வீட்டு மாமி தீர்ப்புச் சொன்னார். அம்மா வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசினார். துரை அதையும் மிச்சம் வைக்காமல் நக்கிவிட்டு, அப்பாவின் பாய் முழுவதும் சத்தி எடுத்து வைத்தது. யாருமே அதிகம் பேசாத வீட்டில் அது நக்கும் சத்தம் பெரிதாகக் கேட்டது. அப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை.

"மாசம் முடியிறதுக்குள்ள மாறாட்டி இதைத் துறையடியில கொண்டுபோய் விட்டிடுவன்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அண்ணா அழைத்தால் முதலில் துரையைத்தானே கேட்பார்? அவருக்கு நான் என்ன சொல்வது?

அந்த மாதம் மாடுகளுக்கு ஊசி போட ஒரு டொக்டர் அக்கா வள்ளத்தில் வந்திருந்தார். எங்கள் பசுக்களுக்குப் போட்டு முடித்ததும் நான் பூனையைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் முன்னால் நின்றேன். அவர் சிரிக்கவில்லை. என் கொப்பியில் ஒரு ஒற்றையைக் கிழித்துத் தண்ணீரில் நனைத்து, துரையின் முதுகைச் சீப்பால் வாரி, விழுந்த தூசை அதில் தட்டினார். தெள்ளுப்பூச்சி இருந்தால் தாள் சிவக்குமாம். சிவக்கவில்லை. தோலைத் தடவிப் பார்த்தார். வாயைத் திறந்து பார்த்தார்.

"சொறியும் இல்லை, தெள்ளும் இல்லை. சில மனிசர் யோசனையில நகம் கடிப்பினமெல்லோ, அது மாதிரித்தான். வீட்டில இருந்து ஆரும் போனவையோ?"

திண்ணைக் குந்தில் நின்ற அம்மா சட்டென்று குசினிக்குள் போய்விட்டார்.

"அண்ணா வெளிநாட்டுக்குப் போயிட்டார். இது அவரின்ரை பூனை" என்றேன்.

டொக்டர் அக்கா குசினிப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எண்ணெய் ஒண்டும் பூசவேண்டாம். நக்கினா ஏசவும் வேண்டாம். நீர் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்துக்குச் சாப்பாடு வையும். ஒரு கயித்தை இழுத்துக் கொஞ்ச நேரம் விளையாடும். அண்ணான்ரை உடுப்பு ஏதும் இருந்தா படுக்கையில விரிச்சு விடும். தோய்ச்சது சரிவராது."

அண்ணாவின் தோய்க்காத உடுப்பு என்று அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அடுத்த நாள் அம்மா தண்ணீர் அள்ளப் போன நேரம் பையை அவிழ்த்துச் சட்டையை எடுத்தேன். அண்ணாவின் வேறொரு சட்டையை, தோய்த்து மடித்ததை, உள்ளே வைத்து அதேபோல முடிந்துவிட்டேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அண்ணாவின் கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டியில் சட்டையை விரித்ததும் துரை கழுத்துப் பட்டியிலிருந்து கை மடிப்புவரை மணந்து பார்த்தது. முன்னங்கால்களால் நெடுநேரம் மிதித்தது. பிறகு கமக்கட்டு வரும் இடத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்கியது. அன்று அது நக்கவில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் இந்தக் களவு நடந்தது. அம்மா அலுமாரியைத் திறந்து பையில் கையை வைப்பார், மூடுவார். துரையின் வயிற்றில் சவரம் செய்த தாடி வளர்வதுபோல உரோமம் முளைத்தது. அப்பாவும் துறையடிப் பேச்சை விட்டுவிட்டார்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அம்மா அண்ணாவின் அறையில் நிலத்தில் இருந்தார். மடியில் அந்தச் சட்டை, அதன் மேல் துரை. கோடு தெரியாதபடி பூனை மயிர் அப்பி, பொக்கற் கிழிந்து தொங்கியது. அடி விழப்போகிறது என்று கதவோடு ஒட்டிக்கொண்டேன். அம்மா கழுத்துப் பட்டியை மூக்கில் வைத்தார். கமக்கட்டை வைத்தார். புரட்டிப் புரட்டி எல்லா இடத்தையும் மணந்து பார்த்தார்.

"பூனை மணம்தான் வருது" என்றார். அதை என்னிடம் சொல்லவில்லை.

பிறகு துரையை மெல்லத் தூக்கி என் கையில் தந்தார். வாளியையும் சவர்க்காரத்தையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். மற்ற உடுப்புகளைப்போல அதைக் கல்லில் அடிக்கவில்லை. கையாலேயே கசக்கி, நாலைந்து வாளி தண்ணீரில் அலசி, உதறிக் கொடியில் போட்டார். அதன் கீழேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் குசினிக்குள் போனார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அடி விழாததும் அதனால்தான். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் செய்தி வந்திருக்கிறது.

அப்பா சைக்கிளில் புல்லுக்கட்டோடு வந்தார். கொடியைக் கண்டதும் வாசல் படலையிலேயே காலூன்றி நின்றுவிட்டார். நான் துரையையும் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"அப்பா! அண்ணா போய்ச் சேர்ந்திட்டார்! அம்மா சட்டை தோய்ச்சிட்டா!"

அப்பாவின் கையிலிருந்து சைக்கிள் சரிந்து விழுந்தது. புல்லுக்கட்டு அவிழ்ந்து பாதையெல்லாம் சிதறியது. அவர் கல்மதிலைப் பிடித்துக்கொண்டு, தோள்கள் குலுங்கக் குலுங்க அழுதார். சந்தோஷம் வந்தாலும் பெரிய ஆட்கள் இப்படித்தான் அழுவார்கள் என்று எண்ணிக்கொண்டு, இந்த நல்ல செய்தியைச் சொல்லப் பக்கத்து வீட்டு மாமியிடம் ஓடினேன்.